நாற்பதில் புல்லாங்குழல்

முதல் வாரம் விரல்களை மறந்துவிடுங்கள், ஊத மட்டும் பழகுங்கள். உதட்டை லேசாகக் குவித்து, காற்றைத் துளைக்குள்ளே அடைக்காமல் எதிர் விளிம்பில் படும்படி விட வேண்டும். நாலைந்து நாள் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும், பயப்படாதீர்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தொடருங்கள்.

வாங்கும்போது ஐந்து கட்டைக் குழலே கேளுங்கள் (கட்டை என்பது சுருதியின் அளவு), கட்டை குறைந்தால் குழல் நீளும், நீளமான குழலில் விரல் எட்டாது. கர்நாடகக் குழலில் விரல்துளை 8, அதில் 7 தான் மூடுவோம். விரல் நுனியால் அல்ல, சதைப்பகுதியால் மூடுங்கள். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சுரம் கீச்சிடும்.

அப்புறம் ஊதும் துளையின் பக்கமிருந்து முதல் இரண்டு விரல்துளைகளை மூடி ஊதுங்கள், அதுதான் ஸ, அதாவது முதல் சுரம். அதைத் தம்புரா செயலியோடு (சுருதியை விடாமல் ஒலிக்கும் கைபேசிச் செயலி) சேர்த்து நீளமாகப் பிடியுங்கள், தினமும் பத்து நிமிடம். சரளி வரிசை எனும் முதல் சுரப் பயிற்சியை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவதுதான் வழக்கம், ஆனால் அதன் ரிஷபத்துக்கு (ரி, இரண்டாவது சுரம்) துளையைப் பாதி மூட வேண்டியிருப்பதால், சில ஆசிரியர்கள் ஹரிகாம்போதி ராகத்தில் ஆரம்பிப்பார்கள். பெரியவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன், மனசு விட்டுப்போகாது.

வாரம் ஒரு முறையாவது ஆசிரியர் முன்னால் வாசியுங்கள். உதடு தவறாகப் பழகிவிட்டால் மாற்ற மாதக்கணக்காகும்.