லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்புவது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குத் திருத்தம் (பேட்ச்) அனுப்ப, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி வேண்டுகோள்) போட்டுப் பயனில்லை. அங்கே இருப்பது ஒரு நகல்தான். வேலை நடப்பது மின்னஞ்சலில். பேட்ச் இணைப்பாகப் போகக்கூடாது, மடலுக்குள்ளேயே வெறும் எழுத்தாகப் போகவேண்டும். அப்போதுதான் பராமரிப்பாளர் குறிப்பிட்ட வரிக்குக் கீழேயே பதில் எழுத முடியும்.

ஒரு பேட்சில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆகவேண்டும். இல்லையென்றால் பிறகு கிட் பைசெக்ட் (எந்த மாற்றத்தில் பிழை புகுந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கட்டளை) வைத்துப் பிழை தேடுகிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

அடுத்து, நான் அதிக நேரம் செலவிடுகிற இடம்: கமிட் விளக்கம், அதாவது கிட்டில் பதிவு செய்யும் மாற்றத்தோடு எழுதும் குறிப்பு. என்ன மாற்றினீர்கள் என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். "டச்பேட் டிரைவரில் தாமதம் சேர்த்தேன்" என்றால் போதாது. "மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழும்போது சிப் தயாராகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அதற்குள் டிரைவர் படிக்கப் போய்ப் பிழையோடு நின்றுவிடுகிறது" என்று எழுதுங்கள். அந்த டிரைவரை அடுத்துத் தொடுகிறவருக்கு இது மட்டும்தான் துணை. வரிகளை 75 எழுத்துக்குள் மடித்துவிடுங்கள். பிழைக்குப் பழைய கமிட் ஒன்றுதான் காரணம் என்றால், ஃபிக்ஸஸ் (Fixes:) வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் வரவேண்டும். கமிட் செய்யும்போது மைனஸ் எஸ் (-s) கொடுத்தால் சைன்டு-ஆஃப்-பை வரி சேர்ந்துவிடும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. இல்லாமல் ஏற்கமாட்டார்கள்.

கிட் ஃபார்மேட்-பேட்ச் கொடுத்துக் கோப்பாக்குங்கள். செக்பேட்ச் ஓட்டி நடைப்பிழைகளைத் திருத்துங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். கிட் சென்ட்-இமெயிலில் முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, அதைப் புதுக் கிளையில் கிட் ஏஎம் (மடலிலுள்ள பேட்சை நிரலில் சேர்க்கும் கட்டளை) மூலம் போட்டுப் பாருங்கள். சில மின்னஞ்சல் மென்பொருள்கள் டேபை இடைவெளியாக மாற்றிவிடும். அப்படி உடைந்த பேட்ச் ஒட்டாது.

அப்புறம் காத்திருங்கள், குறைந்தது ஒரு வாரம். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடக்கும்போது பதில் இன்னும் தாமதமாகும். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதிவிட்டே வி2 (திருத்திய இரண்டாம் பதிப்பு) அனுப்புங்கள். முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதினால், வாசிப்பவருக்குத் தெரியும், கமிட்டில் ஏறாது.

பிறர் பேட்சைப் போட்டுப் பார்க்க பி4 கருவி வசதி. மடலின் மெசேஜ் ஐடி கொடுத்தால் முழுத் தொடரையும் கொண்டுவந்துவிடும். கிட் ஏஎம் மோதினால் த்ரீவே (--3way) கொடுத்துப் பாருங்கள், அதுவும் சரிவராவிட்டால் அபார்ட் (--abort) கொடுத்து நிறுத்திவிட்டு எந்தக் கமிட்டின் மேல் எழுதியது என்று கேளுங்கள். அந்த வன்பொருள் உங்களிடம் இருந்து, பேட்ச் வேலை செய்தால், டெஸ்டட்-பை வரியோடு பதில் போடுங்கள். எந்த மாடலில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; பராமரிப்பாளரிடம் அந்தக் கருவி பெரும்பாலும் இருக்காது.