பழைய பக்கெட்டே போதும்: பசுமையாக வாழ நினைப்பவர்கள் வீட்டில் செய்யும் தவறுகள்

சுற்றுச்சூழலுக்காக வீட்டில் ஏதாவது செய்யலாம் என்று தோன்றியதும் பலரும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி எல்லாம் வந்து இறங்கும். பத்து வருஷமாகப் பருப்பு போட்டுவைத்த பிளாஸ்டிக் டப்பா குப்பைக்குப் போகும். முதல் தவறு இதுதான். சூடான சாப்பாட்டை அதில் வைக்காமல் இருந்தால் போதும், டப்பா இருக்கட்டும்.

துணிப்பை விஷயமும் இப்படித்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இன்று பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பைகள் தொங்குகின்றன, காய் வாங்கப் போகும்போது மட்டும் கையில் ஒன்றும் இருப்பதில்லை. பருத்தி விளைய ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 ஆய்வுப்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது அங்குள்ள கடைகளின் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். வண்டி சீட்டுக்கு அடியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று மடித்து வையுங்கள். கல்யாண வீட்டில்கூடத் தாம்பூலத்தை நம் பையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்கிய வேகத்தில் பலர் கைவிடுவது சமையலறைக் கழிவில் உரம் தயாரிப்பதை. நானும் முதல் தடவை இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் மட்டும் போட்டு இறுக்கி மூடியிருந்தேன். அவற்றில் ஈரம் அதிகம். உள்ளே காற்று புகாவிட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். அந்த நாற்றம் அவற்றால் வருவது. பெரிய குப்பைக் கிடங்குகளில் மீத்தேன் உண்டாவதற்கும் இதே காரணம்தான்.

ஒரு கை ஈரக் கழிவு போட்டால், இரண்டு கை காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போடுங்கள். விலை உயர்ந்த கம்போஸ்டர் வேண்டாம். பழைய பெயின்ட் பக்கெட்டில் அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்தால் போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. புளித்த மோர் இரண்டு கரண்டி தெளித்தால் சீக்கிரம் மக்கும்.

வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் நல்லது, மக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புழுவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். தடித்த, பழுப்புப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். அவை கடிக்காது, கழிவைத் தின்று தீர்க்கும். பிடிக்கவில்லையென்றால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள், குறைந்துவிடும். மீன், கறி, எண்ணெய்ப் பண்டங்களைப் பழகும்வரை போடாதீர்கள். ‘மக்கும்’ என்று அச்சடித்த கவரையும் போடாதீர்கள், அவற்றில் பல தொழிற்கூடத்தின் அதிக வெப்பத்தில்தான் மக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு மாத வாக்கில் பக்கெட்டிலிருந்து மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். அந்த வாசனைக்காகவே தொடர்ந்து செய்யலாம்.

ஏசியை 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தப்புக் கணக்கு. சாதாரண ஏசி, 24இல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிரூட்டும். கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

கடைசியாக ஆர்.ஓ. தண்ணீர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலை ஏற்கிறது. உங்கள் தண்ணீரில் அதற்குக் கீழே என்றால் உப்பை நீக்க ஆர்.ஓ. தேவையில்லை. வாங்குமுன் அளந்து பாருங்கள். ஏற்கெனவே இருந்தால், கழிவாக வெளியேறும் தண்ணீரைச் சிங்க்கில் விடாமல் பக்கெட்டில் பிடியுங்கள். தரை துடைக்கவும், கழிப்பறையில் ஊற்றவும் நன்றாக உதவும். ஆனால் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் இதில்தான் வந்து சேர்கிறது. எங்கள் மாடித் தொட்டியில் கறிவேப்பிலையின் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகின, மண்மேல் வெள்ளையாக உப்புப் படிந்தது. மழைநீர் பிடித்து இரண்டு முறை தொட்டி வழிய ஊற்றிய பிறகுதான் புதுத் துளிர் விட்டது.