முதன்முறை ஐரோப்பா: பாரிஸ், இன்டர்லாக்கன், வெனிஸ் – குடும்பப் பயணத்தை நீங்களே திட்டமிடுவது எப்படி?

"10 நாளில் 7 நாடு" என்று வரும் டூர் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளோடும் வயதான அப்பா அம்மாவோடும் போகிறவர்கள் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்பேன். பாதிப் பொழுது பஸ்ஸிலும், மீதி பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே கரைந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆல்ப்ஸ் மலைதான். மலைக்கென்று டூர்காரர்கள் ஆறு மாதம் முன்பே குறித்த தேதியில் மேகம் மூடியிருந்தால், அத்தனை காசு கொடுத்து மேலே போய் வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அதனால் இங்கே மூன்றே ஊர்கள். பாரிஸில் 4 இரவு, ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் 5 இரவு, வெனிஸில் 2 இரவு. மலைக்குத் தேதி குறிக்கப் போவதில்லை, அந்த 5 நாளில் எது தெளிவாக விடிகிறதோ அதுதான் மலை நாள். மற்ற எல்லா முடிவும் இதை ஒட்டித்தான் வரும்.

படி 1: மாதமும் விமானமும்

நம் பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் மே மாதத்தின் இரண்டாம் பாதி நல்லது. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஆல்ப்ஸில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மே கடைசியில் பனி உருகி அருவிகளில் தண்ணீர் கொட்டும், பாரிஸில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். உயரத்து நடைபாதைகள் சில ஜூனில்தான் திறக்கும், அது பரவாயில்லை.

டிக்கெட் தேடும்போது போக வர ஒரே ஊர் என்று போடாமல் 'மல்டி சிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸில் இறங்குவது, வெனிஸிலிருந்தோ மிலானிலிருந்தோ கிளம்புவது. போன வழியே பாரிஸுக்குத் திரும்பும் ஒரு நாளும் அந்த ரயில் செலவும் மிச்சம்.

படி 2: விசா

மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு விசா) போதும். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையென்றாலும் ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். முதலில் இறங்கும் நாடு அல்ல, அதிக நாள் தங்கும் நாடு. நம் கணக்கில் ஸ்விட்சர்லாந்து 5 இரவு, பிரான்ஸ் 4. ஆகவே பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் ஸ்விஸ் விசாவுக்குத்தான். இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் 15 நாள் முன்பு. கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், ஜனவரியிலேயே தேட ஆரம்பியுங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்கும் சின்னவர்களுக்கு இல்லை. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், இதில் குழந்தைகளின் பாஸ்போர்ட்டைப் பார்க்க மறந்துவிடாதீர்கள், அவர்களுடையது 5 வருடத்திலேயே முடிந்துவிடும். பெற்றோரில் ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். விசா கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களை மட்டும் போட்டு வையுங்கள்.

படி 3: ரயில், பாஸ்

பாரிஸில் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஸ்விஸ் நகரமான பாசெல் 3 மணி நேரம், அங்கே மாறி இன்டர்லாக்கன் ஓஸ்ட் இன்னும் 2 மணி நேரம். டிஜிவி டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மிலான்–வெனிஸ் வேக ரயிலுக்கும் இதே கதைதான்.

ஸ்விட்சர்லாந்துக்குள் நிலைமை வேறு. அங்கே முன்பதிவு இல்லாமல் பெரும்பாலான ரயில்களில் ஏறலாம், எனவே யோசிக்க வேண்டியது பாஸைப் பற்றித்தான். ஸ்விஸ் டிராவல் பாஸில் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடக்கம், ஆனால் யுங்ஃப்ராவ்யோக் (நம் மலை நாளில் போகப்போகும் இடம்) போன்ற பெரிய மலைக்கு 25 சதவீதத் தள்ளுபடிதான். ஹாஃப் ஃபேர் கார்டு ஒரு மாதம் செல்லும், மலை ரயில் உட்படக் கிட்டத்தட்ட எல்லாமே பாதி விலை. தினம் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு முதலாவது சரி. ஒரே ஊரில் தங்கி ஒரு பெரிய மலை ஏறும் நமக்கு, கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் லாபம். எதை வாங்கினாலும் கூடவே ஃபேமிலி கார்டு கேளுங்கள். இலவசம், பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். 6 வயதுக்குக் கீழே எப்படியும் இலவசம்.

வெளிநாட்டுப் பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவோடு கொஞ்சம் ஸ்விஸ் பிராங்கும் ஏற்றிக்கொள்ளுங்கள். சிம் வாங்கும்போது ஸ்விட்சர்லாந்து அதில் சேர்த்தியா என்று பாருங்கள், பல ஐரோப்பிய சிம்கள் எல்லை தாண்டியதும் படுத்துவிடும். நம் மொபைல் சார்ஜரின் மெல்லிய இரட்டைப் பின் மூன்று நாட்டிலும் நுழையும், தடித்த உருண்டையான ஐரோப்பிய ப்ளக் மட்டும் ஸ்விஸ் சுவரில் நுழையாது.

படி 4: பாரிஸ் 4 இரவு

ஐஃபல் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கும், காலெண்டரில் குறித்து வைத்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாம் தளம் வரை 674 படிகள், பத்து வயதுப் பிள்ளைகள் நம்மை முந்திக்கொண்டு ஏறிவிடுவார்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், 18 வயதுக்குள் இலவசம், முழுவதும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பாமல் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

மாத்திரை மாதிரி ரொட்டியை விழுங்கி அலுத்துப் போனால் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லாச்சப்பல் போங்கள். தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள், தமிழில் பெயர்ப்பலகை, புட்டு, இடியாப்பம், கொத்து ரொட்டி. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். அப்பா அம்மா முகம் மலர்வதற்காகவே ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம்.

பிக்பாக்கெட் விஷயத்தில் மட்டும் உஷார். கையெழுத்து போடச் சொல்லி அட்டை நீட்டுகிறவர்களிடமும், கையில் கயிறு கட்ட வருகிறவர்களிடமும் நிற்கவே நிற்காதீர்கள்.

படி 5: இன்டர்லாக்கனும் மலை நாளும்

தங்குமிடம் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சமையலறையோடு இருக்கட்டும். நிலையத்துக்கு எதிரேயே பெரிய கூப் கடை, அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடும் காசில் இரண்டு நாள் சமைத்துவிடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடிவிடும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். குடிதண்ணீருக்குச் செலவே இல்லை, தெருவோரக் குழாய்களில் பிடித்துக் குடிக்கலாம், குடிக்கக் கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த ஒரு நாள். யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர் உயரத்தில் உள்ள ரயில் நிலையம், 1912இல் திறந்தது. கோடையில் முழு விலை ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும், எனவே வானம் பார்க்காமல் வாங்காதீர்கள். முந்தின இரவு வானிலை அறிக்கை, காலை எழுந்ததும் மலை உச்சியின் நேரலை கேமரா, இரண்டையும் பாருங்கள். பல ஹோட்டல்களில் டிவியிலேயே ஒரு சானலில் இது ஓடிக்கொண்டிருக்கும். கீழே வெயில், மேலே மேகம் என்பதும் நடக்கும், மேலே வெயில் கீழே மூட்டம் என்பதும் நடக்கும், ஜன்னலைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

தெளிவாக இருக்கிறதா? சரி, முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஓஸ்ட்டிலிருந்து கிளம்பும் ரயில் த்ஸ்வைலூட்ஷினன் என்ற சின்ன நிலையத்தில் இரண்டாகப் பிரியும், பாதி லாட்டர்புருன்னன் போகும், பாதி கிரின்டெல்வால்ட் போகும். ஏறும் முன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரைப் படியுங்கள். குடும்பத்தில் ஒருவர் ஜன்னலோர இடம் தேடி அடுத்த பெட்டிக்குப் போனால் வேறு பள்ளத்தாக்கில் இறங்குவார்.

நாம் போவது கிரின்டெல்வால்ட் டெர்மினல். அங்கிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர், பிறகு பல்சக்கர ரயிலில் மலையின் வயிற்றுக்குள் சுரங்கப் பாதை. வழியில் ஐஸ்மேர் என்ற இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கும், இறங்கிப் போனால் பாறையில் வெட்டிய கண்ணாடி ஜன்னல் வழியே பனிவெளி தெரியும். எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், ஓடினால் தலை சுற்றும். மேலே போனதும் மெதுவாக நடை, அடிக்கடி தண்ணீர், கறுப்புக் கண்ணாடி, கையுறை. இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். ஸ்ஃபிங்க்ஸ் என்ற பார்வைத் தளத்தில் நின்றால் 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அலெட்ஷ் பனியாறு வளைந்து இறங்குவது தெரியும். கொடுத்த காசு இந்த ஒரு காட்சிக்குத்தான், பனிக்குகையும் கடைகளும் அப்புறம்.

திரும்பும்போது வந்த வழியே வராமல் கிளைன ஷைடெக், வெங்கன் வழியாக லாட்டர்புருன்னன் இறங்குங்கள். டிக்கெட் அதேதான், காட்சி வேறு. வெங்கன் கார்கள் இல்லாத ஊர், அங்கே ஒரு மணி நேரம் இறங்கி உட்காரலாம்.

வானம் மூடியிருந்தால்? அன்று ட்ரூமெல்பாக் அருவி. மலைக்குள்ளேயே பாறையைக் குடைந்து விழும் தண்ணீர், மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். படிகள் ஈரமாக இருக்கும், சத்தம் காதைப் பிளக்கும், ரெயின்கோட் போட்டுக்கொள்ளுங்கள். 4 வயதுக்குக் கீழான குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். இன்னொரு மேக நாளுக்கு பெர்ன் நகரம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். சும்மா இருக்கத் தோன்றினால் பிரியன்ஸ் ஏரிப் படகு.

படி 6: வெனிஸ் 2 இரவு

இன்டர்லாக்கனிலிருந்து ஷ்பீட்ஸில் மாறி மிலான், அங்கிருந்து வெனிஸ், கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ரயில்தான். வழியில் 1906இல் திறந்த சிம்ப்ளான் சுரங்கம் வரும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நுழையும்போது ஸ்விட்சர்லாந்து, வெளியே வரும்போது இத்தாலி.

வெனிஸில் காரும் இல்லை ஆட்டோவும் இல்லை, பாலத்துக்குப் பாலம் படிகள். நான்கு பெரிய பெட்டிகளோடு உள்ளே ஹோட்டல் எடுத்தால் அன்றைக்கே இடுப்பு ஒடிந்துவிடும். பெரியவர்கள் கூட இருந்தால் கரையில் உள்ள மெஸ்த்ரேயில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். வெனிஸுக்குள் இருக்கும் சாந்தா லூசியா நிலையம் அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடம். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும், இல்லையென்றால் அபராதம். சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான், எனவே இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் விலக்கு பதிந்துகொள்ள வேண்டும்.

கோண்டோலா படகு விலை கேட்டால் மயக்கம் வரும், 1ஆம் எண் நீர்ப்பேருந்தில் ஏறி கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய் முழுக்க ஒரு நடை போனாலே போதும். ஒற்றை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, நாலைந்து தடவை ஏறுவதாக இருந்தால் நாள் பாஸ் வாங்குங்கள். கடைசி நாள் விமானம் மார்க்கோ போலோ நிலையத்திலிருந்து என்றால் மெஸ்த்ரேயிலிருந்து பஸ் இருக்கிறது, படகு வேண்டாம், அது ஊர் சுற்றிக்கொண்டு போகும்.