டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டியதும் என் பழைய மாருதி 800 ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் பாரமே இல்லாததுபோல வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. விற்றவர் “பெல்ட் மாற்றியாயிற்றுங்க” என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். பொய் சொல்லவில்லை, அவர் மாற்றியது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டை. மூடிக்குள் இருந்த டைமிங் பெல்ட் பல் உதிர்ந்து கிடந்தது. எந்த பெல்ட் என்று கேட்கத் தெரியாமல் வாங்கியது என் பிழை.

டைமிங் என்றால் என்ன என்பதை விசைத்தறியிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். சோமனூர்ப் பக்கமோ பல்லடத்திலோ ஒரு சாதாத் தறியின் அருகே குனிந்து பாருங்கள். மேலே கிராங்க் தண்டு, கீழே இன்னொரு தண்டு. மேல் தண்டு இரண்டு சுற்று வந்தால் கீழ்த் தண்டு ஒரு சுற்று. கீழ்த் தண்டில் உள்ள கேம்கள், அதாவது ஒருபக்கம் துருத்திய சக்கரங்கள்தான், பாவு நூலை ஏற்றி இறக்கி, ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவுக்கு வழி திறக்கின்றன. கார் எஞ்சினிலும் இதே கணக்குதான். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று, கேம்கள் உள்ள தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. கேம் தள்ளினால், காற்றும் புகையும் போய்வரும் வால்வு திறக்கும். தறியில் இரண்டு தண்டுகளையும் பல்சக்கரம் இணைக்கிறது. காரில் பெரும்பாலும் பெல்ட் அல்லது செயின். தறியில் ஒழுங்கு தவறினால் நாடா பாவில் மாட்டி நூல் அறும். எஞ்சினில் தவறினால், சில வகைகளில், மேலேறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். மோதாதபடி இடைவெளி விட்ட எஞ்சின்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியும்வரை மோதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எது இருக்கிறது என்று பாருங்கள்

எஞ்சினின் ஒரு முனையில், கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அது எண்ணெய் படாத, சில போல்ட்டுகளில் எளிதாகக் கழன்றுவரும் பிளாஸ்டிக் அல்லது தகர மூடி என்றால் உள்ளே பெரும்பாலும் பெல்ட். ஓரத்தில் கேஸ்கெட் வைத்து எண்ணெய் கசியாமல் அடைத்திருந்தால் செயின். செயினுக்கு எஞ்சின் ஆயில் வேண்டும், பெல்ட்டுக்கு ஆயில்தான் எமன். மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ எல்லாம் பெல்ட். 1489 சிசி அம்பாசடரும் பத்மினியும் செயின். மூடிக்கு வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது ஃபேன் பெல்ட். ஃபேனை மோட்டார் ஓட்டும் வண்டிகளிலும் அதற்குப் பெயர் ஃபேன் பெல்ட்தான். என்னைக் கவிழ்த்தது அந்தப் பெயர்தான்.

ரப்பர் பெல்ட்டை எஞ்சினுக்குள் கொண்டுவந்தவர்களைத் திட்ட வேண்டியதில்லை. கேம்ஷாஃப்ட் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏறியதும் கிராங்க்கிலிருந்து அதற்குத் தூரம் கூடிவிட்டது. பல் வைத்த பெல்ட் இலேசானது, சத்தம் குறைவு, விலையும் குறைவு. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்த இந்த ஏற்பாடு பிறகு எங்கும் பரவியது. பழைய கிரைண்டரில் மாவு கெட்டியானால் பெல்ட் வழுக்கும், பாதகமில்லை. இங்கே ஒரு பல் வழுக்கினாலும் கணக்கு தவறிவிடும்.

இரண்டாம் படி: செயின் என்றால் காதைத் தீட்டுங்கள்

செயின் சொல்லிவிட்டுத்தான் போகும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்து செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று கேட்டு அடங்கினால் ஆயில் மேலே ஏறும்வரை டென்ஷனர் தளர்ந்திருந்தது என்று பொருள். எஞ்சின் சூடான பிறகும் முன்பக்கத்தில் அந்தச் சத்தம் நீடித்தால் செயின் நீண்டுவிட்டது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகள் தேய்ந்து, தேய்மானம் எல்லாம் சேர்ந்து நீளமாகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

அம்பாசடரில் ஒரு சோதனை செய்யலாம். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் எடுங்கள். சமதளத்தில் வண்டியை மேல் கியரில் போட்டு, ஒருவர் முன்னும் பின்னும் மெல்ல அசைக்கட்டும். நீங்கள் கிராங்க் புல்லியையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கேம்ஷாஃப்ட்டால் சுற்றும் ரோட்டரையும் பாருங்கள். திசை மாறும்போது புல்லி பத்து டிகிரிக்கு மேல் நகர்ந்த பிறகே ரோட்டர் அசைகிறதென்றால் செயின் தேய்ந்துவிட்டது. மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பெல்ட் என்றால் தேதியைத் தேடுங்கள்

பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே போகும். பொதுவாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். தோட்டத்துச் சாளையில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகில் வெடிப்பு, ஓரத்தில் பிரிந்த நூல், பல்லடியில் கீறல், ஆயில் ஈரம், இவற்றில் எது தெரிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். எதுவும் தெரியாவிட்டாலும் பெல்ட் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது.

நான்காம் படி: பெல்ட்டை மாற்றுதல்

முதல் தடவை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியதும் பேட்டரி வயரைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டால் கையால் சுற்ற இலகுவாக இருக்கும். ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, மூடி என்ற வரிசையில் கழற்றுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் சுற்றி, கேம் சக்கரத்தின் குறியும் கிராங்க் சக்கரத்தின் குறியும் அவற்றுக்கு எதிரே உள்ள குறிகளோடு நேராக நிற்கும்படி செய்யுங்கள். அழுக்கைத் துடைத்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுங்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவுங்கள். இதன்பின் கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது. டென்ஷனரை விரலால் சுழற்றுங்கள்; கரகரத்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். ஆயில் சீல் கசிந்தால் இப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிய பெல்ட் ஆயிலில் ஊறும். சில எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டும், அதையும் பாருங்கள்.

புதிய பெல்ட்டை மடிக்காமல், முறுக்காமல், அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில், நெம்பாமல் கையாலேயே மாட்டுங்கள். தளர்வு டென்ஷனர் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். டென்ஷனரை இறுக்கிவிட்டு, கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். இடையில் எங்காவது கெட்டியாக இடித்தால் அமுக்காதீர்கள். வால்வில் பிஸ்டன் முட்டுகிறது. குறிகள் மீண்டும் நேராக வந்தால் சரி, ஒரு பல் தள்ளி நின்றால் கழற்றி மறுபடியும் மாட்டுங்கள். நான் முதல் தடவை மூன்று முறை மாட்டினேன். எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்ததும் ஊளையிட்டால் பெல்ட் அதிகம் இறுகியிருக்கிறது.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் மேல் ஒட்டுங்கள். ‘பெல்ட்’ என்று மட்டும் எழுதாமல் ‘டைமிங் பெல்ட்’ என்று எழுதுங்கள்.