கொலஸ்ட்ரால்: எண்ணைப் படிப்பதிலும் எண்ணெயைத் தேர்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பலருடைய கண் முதலில் போய் நிற்பது மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற வரியில்தான். அந்த ஒற்றை எண்ணை வைத்து நிம்மதி அடைவதும் தவறு, பதறுவதும் தவறு. இருவருக்கு அந்த அளவு டெசிலிட்டருக்கு 210 மில்லிகிராம் என்று ஒன்றுபோலவே இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். 70, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 100. மற்றவருக்கு 35, 150. மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். ஏறத்தாழக் கிடைத்துவிடும்: முன்னவருக்கு 120, பின்னவருக்கு 145.

தமனியைக் கெடுப்பது இந்த எல்.டி.எல்.தான். அதன் துகள்கள் தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பேறி அங்கேயே தேங்க, ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிமம் திரள்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் அந்தப் படிமத்தின் மேலுறை கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஆகவே, குழாயில் கசடு சேர்ந்து அடைபடுவதாகச் சொல்லப்படும் உவமை பாதிதான் சரி.

எண்ணெய்ப் புட்டியில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவது அடுத்த தவறு. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும் அளவில் இருப்பதில்லை என்பதால், அது விளம்பரமே தவிரத் தகவல் அல்ல. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் (தேங்காய் எண்ணெய், பாமாயில், நெய் போன்றவற்றில் மிகுந்திருப்பது) அளவை. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் உள்ளன. அவற்றின் செயல்பாட்டைக் குறைப்பது நிறைவுற்ற கொழுப்புதான். இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். உணவில் உள்ள கொலஸ்ட்ராலின் பங்கு பெரும்பாலானோருக்கு இதைவிடக் குறைவே. வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்போ எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்குவதால், மொத்த ஆற்றலில் 1 சதவீதத்துக்குள் அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கொழுப்பைக் குறைத்த இடத்தைச் சர்க்கரையாலும் மைதாவாலும் நிரப்புவோர் உண்டு. டிரைகிளிசரைடு ஏறுமே ஒழிய, இதயத்துக்கு லாபமில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அந்த இடத்துக்கு வந்தால்தான் பலன்.

ஒல்லியாக இருப்பவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல, பரம்பரையாக எல்.டி.எல். மிகும் குறைபாட்டுக்கு உடல் எடை ஒரு பொருட்டே அல்ல. இன்னும் சிலர், எண் இறங்கியதும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இறங்கியது மாத்திரையால் என்பதால், சில வாரங்களில் அது பழைய அளவுக்கே திரும்பிவிடும். வலியோ வேறு அறிகுறியோ இல்லாததால், அடுத்த பரிசோதனை வரை அது தெரியவும் தெரியாது.