இரண்டு இன்னிங்ஸ் போதும்: சின்னப் பிள்ளைகளோடு பேஸ்பால் பார்க்க

"ஆட்டம் இவ்வளவு மெதுவாப் போகுதே, குழந்தைங்க எப்படி உட்கார்ந்து பாக்கறாங்க?" கலிபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பது இது. உட்கார்ந்து பார்க்கவே வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. இன்று விட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். நாலு வயதுப் பிள்ளையை ஒன்பது இன்னிங்ஸுக்கும் (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிப்பது ஓர் இன்னிங்ஸ்) பிடித்து உட்கார வைத்தால், அடுத்த முறை பேஸ்பால் என்றாலே ஓடிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு இன்னிங்ஸ், வீட்டு வேலைகளுக்கு நடுவே. எங்கள் வீட்டில் ஒன்பது வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் இந்த ஆட்டத்தின் மீது ஆசை வந்தது அப்படித்தான்.

ரேடியோவில் ஆரம்பியுங்கள். இங்கே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆட்டங்கள் கே.என்.பி.ஆர் 680-இல் வரும். ஜான் மில்லர் 1997 முதல் ஜயன்ட்ஸுக்கு வர்ணனை சொல்லிவருகிறார். அவர் குரலில் அவசரமே இருக்காது. சாயங்காலம் நான் சப்பாத்தி இடும்போது ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் தரையில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். யாரும் கவனிப்பதாகத் தெரியாது. ஆனால் கூட்டத்தின் சத்தம் திடீரென்று ஏறும்போது இரண்டு தலைகளும் நிமிரும். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார்கள் பாருங்கள், அப்போது சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

டிவியில் காட்டும்போது விதிகளை வரிசையாக விளக்காதீர்கள். மூன்று போதும்: மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) ஆனால் அவுட், அடித்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அவுட், தளங்களை (பேஸ்) வரிசையாகச் சுற்றி, மட்டை பிடித்த இடமான 'ஹோம்' தளத்துக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். கிரிக்கெட் தெரிந்த அப்பாக்கள் இந்த இடத்தில் இரண்டையும் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். பெரியவர்களுக்கு அது உதவும். கிரிக்கெட்டே பார்த்திராத குழந்தைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

விதிகளுக்குப் பதிலாக, பார்ப்பதற்கு ஒரே ஒரு விஷயத்தைக் கொடுங்கள். என் மகனுக்குக் கிடைத்தது கடிகாரம். 2023-இல் பிட்ச் கிளாக் என்ற நேரக் கடிகாரம் வந்த பிறகு, தளங்களில் யாரும் இல்லாவிட்டால் 15 வினாடிக்குள் பிட்சர் (பந்து வீசுபவர்) பந்தைப் போட ஆரம்பித்துவிட வேண்டும். அந்த எண்கள் திரையிலேயே இறங்கும். அவன் சோபாவில் நின்றுகொண்டு "பதினஞ்சு, பதினாலு, பதிமூணு" என்று தமிழில் பின்னோக்கி எண்ணுவான். தமிழ்ப் பள்ளியில் வராத எண்களெல்லாம் இப்படி வந்துவிட்டன. மகளுக்கு, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்கும் கேட்சரைப் பிடிக்கும். முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரை மட்டும் ஓர் இன்னிங்ஸ் முழுக்கப் பார்ப்பாள். எப்போது எழுகிறார், கையுறையை எங்கே நகர்த்துகிறார், யாரோடு பேசப் போகிறார் என்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தில் பாதியைப் புரிந்துகொண்டாள்.

எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஸ்கோர் எழுதப் பழக்குங்கள். நான் மிகவும் விரும்பிச் சொல்லும் யோசனை இதுதான். வெள்ளைத்தாளில் கட்டம் போட்டால் போதும். களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் தளம் 3, இரண்டாம் தளம் 4, மூன்றாம் தளம் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்) 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் தளத்துக்கு வீச, அங்கிருந்து முதல் தளத்துக்குப் போய் இருவர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும். சட்டையில் இருக்கும் எண் வேறு, இந்த எண் வேறு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மட்டையை வீசித் தவறவிட்டு மூன்றாவது ஸ்ட்ரைக் ஆனால் கே என்ற ஆங்கில எழுத்து. வீசாமலே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஐந்து வயதில் எழுத்துகளைத் திருப்பி எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். என் மகன் திருப்பி எழுதிய கே சரியாக அமைந்த அன்று அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியே ஆகவேண்டும் என்று நின்றான். இந்த ஸ்கோர் முறைக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதியவர். இதை அப்பாக்களிடம் சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம் விளையாட்டு. வீட்டுக்குப் பக்கத்தில் புல்தரை இருந்தால் போதும். ஸ்பாஞ்ச் மட்டையும், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வாங்குங்கள், ஜன்னல் உடையாது. பந்தை மெதுவாக, உயரமாகத் தூக்கிப் போடுவதுதான் குழந்தைக்கு எளிது என்று நினைக்கிறோம். மேலிருந்து இறங்கும் பந்தை அடிப்பதுதான் கஷ்டம். நீங்கள் மண்டியிட்டு, சில அடி தூரத்திலிருந்து, கையைக் கீழாக வீசி நேர்கோட்டில் போடுங்கள். அதுவும் வராவிட்டால் பந்தை நிறுத்தி வைக்கும் 'டீ' (tee) என்ற கம்பத்தில் பந்தை வைத்து அடிக்கட்டும். லிட்டில் லீக் என்ற சிறுவர் லீகில் நாலு வயதுக் குழந்தைகள் டீ பால் ஆடுவது அப்படித்தான். அடித்ததும் மட்டையைத் தூக்கி எறியாமல் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள், பக்கத்தில் தம்பி தங்கை நிற்பார்கள்.

கையுறை எறியும் கைக்கு அல்ல, மறு கைக்கு. ஏழு வயது வரை ஒன்பது, பத்து அங்குலம் போதும். "வளர்ந்தாலும் ஆகும்" என்று பெரிதாக வாங்கினால் பிள்ளையால் அதை மூடவே முடியாது. புதுத் தோல் விறைப்பாக இருக்கும். உள்ளே பந்தை வைத்துக் கட்டி, சில நாள் மெத்தைக்கு அடியில் வையுங்கள்.

மைதானத்துக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் சான் ஹோசே ஜயன்ட்ஸ் மாதிரி மைனர் லீக் (மேஜர் லீகுக்கு ஆட்டக்காரர்கள் தயாராகும் கீழ்நிலை லீக்) ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு, ஆட்டக்காரர்கள் பக்கத்திலேயே தெரிவார்கள். பெரிய மைதானம் என்றால் பகல் ஆட்டம். ஜயன்ட்ஸின் மைதானமான ஆரக்கிள் பார்க் விரிகுடா ஓரத்தில் இருப்பதால், வெயில் அடிக்கிறதே என்று கிளம்பினாலும் சாயங்காலம் குளிர்காற்று எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். எங்களுக்குக் கால்ட்ரெய்ன் வசதி. ரயிலிலேயே ஆரஞ்சு சட்டை போட்ட ஜயன்ட்ஸ் ரசிகர்கள் ஏறிக்கொண்டே வருவார்கள், இறங்கினால் சின்ன நடை. இடது வெளிக்களத்துக்குப் பின்னால் ராட்சதக் கையுறையும், சறுக்குமரம் வைத்த ராட்சத கோலா பாட்டிலும் இருக்கின்றன. அலுத்துப்போன பிள்ளைக்கு அதுதான் புகலிடம். இங்கே வெளிச் சாப்பாட்டை விடுவார்கள், புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோம். மற்ற மைதானங்களில் விதி மாறலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜயன்ட்ஸ் ஹோம் ரன் (வெளிக்களச் சுவரைத் தாண்டிப் பறக்கும் அடி) அடித்தால் கப்பல் சங்கு அலறும், சின்னதுகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இருக்கை பாதுகாப்பு வலைக்குப் பின்னால் இருக்கட்டும். கோட்டுக்கு வெளியே பறந்து ஃபவுல் பந்து வரும் வேகத்துக்குக் குழந்தையால் விலக முடியாது.

ஆரக்கிள் பார்க்கின் வலது வெளிக்களச் சுவர் 24 அடி உயரம். ஜயன்ட்ஸின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வில்லி மேஸ் அணிந்த எண் 24. அந்தச் சுவரைக் காட்டி அவர் கதையைச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரர்களும் 42 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு வருவார்கள். "ஏம்மா எல்லாருக்கும் ஒரே நம்பர்?" என்ற கேள்வி தானாக வரும். 1947-இல் அதே தேதியில், 42 என்ற எண் அணிந்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் களமிறங்கியதையும், அதுவரை பல பத்தாண்டுகளாக அங்கே கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் வைத்திருந்ததையும் அன்று சொல்வோம். பெண் பிள்ளை இருந்தால் 1953-இல் நீக்ரோ லீகில் (கறுப்பினத்தவர் ஆடிய தனி லீக்) ஆண்களோடு ஆடிய டோனி ஸ்டோனைப் பற்றியும், 2022-இல் ஜயன்ட்ஸுக்காக முதல் தளப் பயிற்சியாளராகக் களத்தில் நின்ற அலிசா நாக்கனைப் பற்றியும் சொல்லாமல் விடாதீர்கள்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் விளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். என் மாமனார் போன கோடையில் "அடிச்சுட்டானே, ஏன் ஓடலை?" என்று கேட்டார். "அது ஃபவுல் தாத்தா, கோட்டுக்கு வெளியே போச்சு. ஆனா ரெண்டு ஸ்ட்ரைக் ஆயிட்டா ஃபவுலுக்கு அவுட் கிடையாது" என்று மகள் சொன்னாள். அதை நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

தோற்ற நாளில் அழுகை வரும், வரட்டும். நல்ல அணிகூட ஒரு சீசனில் அறுபது, எழுபது ஆட்டம் தோற்கும், பத்துக்கு மூன்று முறை அடிப்பவர் சிறந்த பேட்டர். இந்தக் கணக்கு, டீ பால் முடிந்து நிஜமான பிட்சரை எதிர்கொள்ளும் வயதில் ரொம்பவே கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் ஆட்டம் இருக்காது. பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்குக் கூடும் தேதியைக் காலண்டரில் பிள்ளைகளையே வட்டமிடச் சொல்லுங்கள்.