டர்போவா சூப்பர்சார்ஜரா: போர்விமானங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பத்து நிமிடத்துக்குள் யாராவது "மஸ்டாங்கில் டர்போ இருந்தது, அதனால்தான் பெர்லின் வரை போய் வந்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். பி-51 என்ற எண் கொண்ட இந்த அமெரிக்கப் போர்விமானத்தில் டர்போ கிடையாது. பி-51பி வகை முதல் அதில் இருந்தது பேக்கார்டு நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதன் சூப்பர்சார்ஜரைச் சுற்றியது எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டிலிருந்து வரும் கியர். தூரம் போனதற்குக் காரணம் காற்றை அதிகம் எதிர்க்காத உடலும், உள்ளே நிறைய எரிபொருளும், இறக்கைக்குக் கீழே தொங்கவிட்ட டேங்குகளும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் எந்தக் கருவியும் சூப்பர்சார்ஜர்தான். அதை எது சுற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு: கியர் சுற்றினால் சாதாரண சூப்பர்சார்ஜர், வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு டர்பைன் சுழன்று அதைச் சுற்றினால் டர்போ. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் இதை 'டர்போ சூப்பர்சார்ஜர்' என்றே அழைத்தார்கள். ஆகவே 'டர்போ இருந்தால் சூப்பர்சார்ஜர் இல்லை' என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பி-47 தண்டர்போல்டிலும் பி-38 லைட்னிங்கிலும் இரண்டுமே இருந்தன. டர்போ முதலில் அமுக்கிக் கொடுத்த காற்றை எஞ்சினோடு சேர்ந்த கியர் சூப்பர்சார்ஜர் இன்னொரு முறை அமுக்கியது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, உயரத்தைச் சொல்லாமல் குதிரைத்திறனை ஒப்பிடுவது. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அமுக்கிக் கொடுக்க ஆள் இல்லாத எஞ்சின் அங்கே போனால் பாதி மூச்சோடு ஓட வேண்டியதுதான். சரி, சூப்பர்சார்ஜர் வைத்தாயிற்று, இனி எல்லா உயரத்திலும் நன்றாக ஓடும் என்றால் அதுவும் இல்லை. ஸ்பிட்ஃபயரில் வந்த மெர்லின் 3 எஞ்சினைப் பாருங்கள். 87 ஆக்டேன் பெட்ரோலில் தரையிலிருந்து கிளம்பும்போது 880 குதிரைத்திறன், ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில் 1,030. மேலே போகப் போகத் திறன் கூடுகிறது! ஏனென்றால் அந்தச் சூப்பர்சார்ஜர் அந்த உயரத்தின் மெல்லிய காற்றுக்காக அளவெடுக்கப்பட்டது. தரையில் அது அளவுக்கு மீறிக் காற்றைத் தள்ளிவிடும் என்பதால் காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைப் பாதி மூடியே வைக்க வேண்டும், ஆனால் காற்றை அமுக்கும் வேலைக்கான சக்தியை எஞ்சின் கொடுத்துத்தான் ஆக வேண்டும், காற்றும் வீணாகச் சூடாகும். த்ராட்டிலை முழுதாகத் திறக்க முடிகிற அந்த உயரத்தைத் தாண்டினால் திறன் மறுபடி இறங்கத் தொடங்கும்.

இதைப் புரிந்துகொண்டால், ஸ்பிட்ஃபயர் 5 விமானத்தின் தாழ்வுயர வகைக்கு ஏன் சூப்பர்சார்ஜருக்குள் சுழன்று காற்றை அமுக்கும் சக்கரமான இம்பெல்லரின் விட்டத்தைப் பத்தேகால் அங்குலத்திலிருந்து ஒன்பதரை அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள் என்பதும் விளங்கும். சூப்பர்சார்ஜரைச் சிறிதாக்கி விமானத்தைத் தாழ்வான உயரத்தில் வேகமாக்கினார்கள். எனக்கு இந்த எடுத்துக்காட்டு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் 'பெரிய சூப்பர்சார்ஜர் நல்ல சூப்பர்சார்ஜர்' என்ற எண்ணத்தை இது ஒன்றே உடைத்துவிடுகிறது. சோவியத்தின் மிக்-3 இதற்கு நேர்மாறு. அதன் ஏஎம்-35ஏ எஞ்சின் 6,000 மீட்டருக்காகச் செய்யப்பட்டது, கிழக்குப் போர்முனையில் சண்டையோ பெரும்பாலும் அதற்கு வெகு கீழே நடந்தது. நல்ல எஞ்சின், இடம்தான் பொருந்தவில்லை.

அப்புறம், 'இரண்டு ஸ்பீடு' என்பதையும் 'இரண்டு ஸ்டேஜ்' என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. ஸ்பீடு என்பது கியர்: தாழ்வுயரத்தில் இம்பெல்லரை மெதுவாகவும் மேலே போனதும் வேகமாகவும் சுற்ற வைப்பது. ஹரிக்கேன் 2 விமானத்தின் மெர்லின் 20 இப்படிப்பட்டது, ஸ்டேஜ் ஒன்றுதான். ஸ்டேஜ் என்பது ஒரு இம்பெல்லர் அமுக்கிய காற்றை அடுத்த இம்பெல்லர் மேலும் அமுக்குவது. மெர்லின் 61-இல் இரண்டும் சேர்ந்து வந்தன. ரோல்ஸ்-ராய்ஸில் 1938-இல் சேர்ந்த கணித வல்லுநர் ஸ்டான்லி ஹூக்கருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. உயரத்தில் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்காகத் தொடங்கிய எஞ்சின், 1942-இல் ஸ்பிட்ஃபயர் 9-இல் ஏறி ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர்விமானத்தை எதிர்கொண்டது. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் 601 எஞ்சின் வேறு வழியில் போனது. கியர் மாற்றுவதற்குப் பதிலாக ஒரு திரவ இணைப்பு, காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானாகவே இம்பெல்லரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. விமானிக்கு ஒரு வேலை மிச்சம், திறன் வரைபடமும் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்காது.

டர்போ இலவசச் சக்தி என்கிறார்கள். இல்லை. டர்பைனைச் சுற்ற வேண்டுமென்றால் புகை வெளியேறும் வழியில் அழுத்தம் கூடத்தான் செய்யும். அதோடு, பின்னோக்கி வளைத்த எக்ஸாஸ்ட் குழாய்கள் வழியே புகையை நேராகச் சீறவிட்டால் அதுவே விமானத்தைத் தள்ளும். ஆரம்பகால மெர்லினிலேயே இது சுமார் 70 பவுண்டு உந்துவிசை தந்தது, மணிக்கு 300 மைல் வேகத்தில் அது ஏறக்குறைய 70 குதிரைத்திறனுக்குச் சமம். டர்போ வைத்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். இடமும் பெரிய செலவு. பி-47-இன் டர்போ விமானியின் இருக்கைக்கு வெகு பின்னால், உடலின் பின்பகுதியில் இருந்தது. மூக்கிலிருந்து புகை அங்கே போக ஒரு குழாய், அமுக்கிய காற்று திரும்பி எஞ்சினுக்கு வர இன்னொரு குழாய். அந்த விமானத்தின் பருத்த வயிறு இதனால்தான். ஆனாலும் உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை போகும் வேலைக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

சூட்டை மறந்துவிடுவது இன்னொன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6,000 மீட்டரில் காற்று சுமார் மைனஸ் 24 டிகிரி. அதை 70 சதவீதச் செயல்திறன் உள்ள கம்ப்ரசரால் மூன்று மடங்கு அமுக்கினால் 130 டிகிரி போலச் சூடு ஏறி, எஞ்சினுக்குள் நுழையும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, பெட்ரோலை நேரத்துக்கு முன்பே வெடிக்க வைத்து பிஸ்டனையும் உடைக்கும். அதனால்தான், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பி-38-இன் தொடக்க வகைகளில் இறக்கையின் முன்விளிம்பே இன்டர்கூலராக இருந்தது. பார்க்க அழகான யோசனை, காற்றெதிர்ப்பும் இல்லை. ஆனால் எஞ்சினின் திறன் கூடியபோது அந்த விளிம்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜே வகையில் இன்டர்கூலரை எஞ்சினுக்குக் கீழே கொண்டுபோனார்கள், தாடை பெருத்தது, காலியான முன்விளிம்பில் பக்கத்துக்கு 55 கேலன் பெட்ரோல் டேங்க் வைக்க இடம் கிடைத்தது.

பூஸ்ட் எண்களை, அதாவது எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்த அளவுகளை, அப்படியே ஒப்பிடாதீர்கள். பிரிட்டிஷார் +12 என்றால் கடல்மட்ட அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு. அதே அளவு அமெரிக்க மீட்டரில் சுமார் 54 அங்குலப் பாதரசம். ஜெர்மானியர்கள் மொத்த அழுத்தத்தை 'ஆட்டா' என்ற அலகில் சொல்வார்கள், அவர்களின் 1.42 ஆட்டா என்பது பிரிட்டிஷ் கணக்கில் +5.5 அளவுக்குத்தான் வரும். உடனே ஜெர்மன் எஞ்சின் மட்டம் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. டைம்லர்-பென்ஸ் 605 எஞ்சினின் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 35.7 லிட்டர், மெர்லினுக்கு 27. 605-இன் சிலிண்டருக்குள் அமுக்க விகிதமும் அதிகம். பெரிய சிலிண்டரில் குறைந்த பூஸ்ட், சிறிய சிலிண்டரில் அதிக பூஸ்ட், இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு வழிகள்.

சுருக்கமாக இதையும் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மனியின் எம்டபிள்யூ 50-ம் ஜிஎம்-1-ம் ஒன்றல்ல. முன்னது தண்ணீரும் மெத்தனாலும், தாழ்வுயரத்தில் பூஸ்டைக் கூட்டும்போது சிலிண்டரைக் காக்க. பின்னது நைட்ரஸ் ஆக்சைடு, சூப்பர்சார்ஜர் கைவிட்ட உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் கொடுக்க.

கடைசியாக, அமெரிக்காவின் பி-39 போர்விமானம். "டர்போவைப் பிடுங்கி விமானத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற புலம்பல் நிற்பதே இல்லை. எஞ்சினை விமானிக்குப் பின்னால் வைத்த சின்ன உடல் அது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் தேவையான காற்றுவாய்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. 1939-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவற்றின் காற்றெதிர்ப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. எடுத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். எடுத்த இடத்தில் இரண்டாவது ஸ்டேஜ் ஒன்றை வைக்காமல் விட்டதுதான் அந்த விமானத்தைத் தாழ்வுயரத்தோடு கட்டிப்போட்டது. கிழக்குப் போர்முனையில் சோவியத் விமானிகளுக்கு அந்த உயரமே போதுமாக இருந்தது. அடுத்து வந்த பி-63 கிங்கோப்ராவில் அந்த இரண்டாவது ஸ்டேஜை, திரவ இணைப்போடு, வைத்தார்கள்.